கதவடி இடுக்கு

தண்ணீர் எடுக்க, ஏசி ஓடும் படுக்கையறையின் கதவை உள்ளிருந்து திறந்த மருமகள் அப்படியே நின்றுவிடுகிறாள். கூடத்து மத்தியானப் புழுக்கம் ஈரத்துணிபோல முகத்தில் அப்புகிறது. காலடியில், கதவை ஒட்டிய வெறுந்தரையில், மாமனார் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். மின்விசிறிக்கு நேர்கீழே விரித்த அவருடைய பாய் அனாதையாகக் கிடக்கிறது. அவர் கன்னம் பதிந்த இடத்தில் தலையெண்ணெய்க் கறை. யார் பார்த்த வேலை இது என்று தினமும் முணுமுணுத்துக்கொண்டே அவள் துடைக்கிற அதே கறை. "ஏசி எனக்கு ஒத்துக்காதும்மா, முழங்கால் பிடிச்சுக்கும்" என்று கோடை முழுக்கச் சொல்லிவந்த மனிதர். அதை நம்புவது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது. கதவடி இடுக்கில் குளிர் வீணாகிறதென்று காலையில்தான் அவள் ரப்பர் பட்டை ஒட்டினாள். "இனிமே பொட்டுக் காத்துகூட வெளிய போகாது மாமா" என்று பெருமையடித்துக்கொண்டபோது, கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர்தான். "நல்லா ஒட்டியிருக்கேம்மா" என்றுகூடச் சொன்னார். இப்போது பதறி எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொள்கிறார். "பாய் உறுத்துச்சு" என்கிறார், அவள் கேட்காமலே. உள்ளே வந்து படுங்க மாமா என்பது, இத்தனை நாள் ஒப்புக்குக்கூட வராத பேச்சு, இப்போது வாய்வரை வந்து திரும்பிவிடுகிறது. கையிலிருக்கும் காலிச் செம்பையே பார்க்கிறாள். "கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கிறியேம்மா, குளிரெல்லாம் போகுது பாரு" என்று, அவள் விலகியதும் அவரே எட்டிக் கைப்பிடியைப் பிடித்து மெல்ல இழுத்துச் சாத்துகிறார். புது ரப்பர் தரையை நன்றாகவே கவ்விக்கொள்கிறது.