செத்துப்போன புல்

கேரவன் முகாமின் நுழைவாயில் தடுப்புக் கம்பத்துக்குக் கீழே அந்தப் பழைய கார் அப்படியே நின்றுவிட்டது.

கூரை மேல் கட்டியிருந்த மெத்தை சரிந்து, கண்ணாடியை மறைத்துக்கொண்டு தொங்கியது. ஒரு பெண் இறங்கி, கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வெளியே போனால்தான் நாங்கள் கேரவனோடு உள்ளே நுழைய முடியும்.

பின் சன்னலில் ஒரு சிறுமி. மடியில் தக்காளிச் செடித் தொட்டி. எங்களையே பார்த்தாள்.

"பாப்பி, தலைய உள்ள இழு!" என்று கத்தினாள் அந்தப் பெண்.

நான் ஹாரனை அழுத்தினேன்.

"விடு கிரெய்க்," என்றாள் நரெல். "நாலு நாள் டூருக்கு மெத்தையக் கட்டிட்டு வந்திருக்காங்க. அடுத்த தடவ வீட்டுக் கதவயும் கழட்டிட்டு வருவாங்க."

எங்கள் மகள் ஜெம்மா பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு ராத்திரிக்கு நூற்று நாற்பது டாலர். போன ஈஸ்டருக்கு எண்பது. ஜனவரியில் முகாம் கைமாறியதிலிருந்து புது போர்டு, ஊழியர்களுக்குப் புதுச் சட்டை, புது விலை.

அதுவும் எதற்கு? கேரவன் எங்களுடையது. கட்டில் எங்களுடையது. அடுப்பு, விளக்கு, கக்கூஸ்கூட எங்களுடையது. அவர்கள் தருவது ஒரு துண்டு மண். நாய்க்குத் தனிக் காசு. பந்தல் விரித்தால் தனிக் காசு. வெந்நீர் மூன்று நிமிடம் விழும், நான்காவது நிமிடத்துக்கு நாணயம் போட வேண்டும்.

நரெல் மூன்று ஞாயிறு கூடுதல் ஷிஃப்ட் பார்த்த பணம் இந்த மண்ணுக்குத்தான் போகிறது. அடுத்த வருஷம் வர முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஜெம்மாவிடம்தான் சொல்லவில்லை.

ஒருவழியாக மெத்தை போனது. நாங்கள் உள்ளே போனோம்.

ஆற்றோரம், நாற்பத்தோராம் இடம். மேலாளர் ட்ரென்ட் பேட்டரி வண்டியில் முன்னால் போய்க் காட்டினான்.

வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்தேன்.

நடுவில் புல் செத்துக் கிடந்தது. அறைக்கு அளவெடுத்ததுபோல் சரியான சதுரம். அதன் ஓரத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி மண் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. வேலிக் கம்பியில் துணி மாட்டும் கிளிப்புகள். ஒற்றைச் செருப்பு. அழுகிய ஆரஞ்சுத் தோல், அதில் எறும்பு.

இருபது வருஷமாகக் கூடாரம் அடிப்பவன் நான். ஒரு வார விடுமுறையில் புல் மஞ்சளாகும், அவ்வளவுதான். இப்படி வேரோடு சாகாது. போகிற போக்கில் வேண்டுமென்றே பிளீச்சை ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். சந்தேகமே இல்லை.

"இதுக்கா பாஸ் நூத்தி நாப்பது? என் நாய்கூட இதுல படுக்காது."

ட்ரென்ட் தலையைச் சொறிந்தான். "முன்னாடி தங்கினவங்க கொஞ்சம் ஒரு மாதிரி. எத்தனையோ தடவ சொல்லி, இன்னிக்குத்தான் கெளம்பினாங்க."

"அந்த மெத்தக்காரங்களா?"

"அவங்களேதான்."

"அவங்க பண்ணின அசிங்கத்துக்கு நான் எதுக்கு முழுக் காசு அழணும்? கொறைங்க. இல்லன்னா வண்டியத் திருப்பிட்டுப் போறேன். ஆத்தோரம் காலியா இருந்தா ஒங்களுக்கும் அழகில்ல."

கொஞ்ச நேரம் முனகினான். பிறகு ராத்திரிக்கு நாற்பது டாலர் குறைத்தான். ஐந்து ராத்திரிக்கு இருநூறு.

அவன் போனதும் நரெல் என் முதுகில் ஒரு அறை வைத்தாள். "செத்த புல்லக் காட்டியே காசு பாத்துட்டியே! நீ அரசியலுக்குப் போயிருக்கலாம்."

அந்த நன்றி கெட்டவர்களுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டு, கேரவனின் மின்கம்பியை இழுத்துக்கொண்டு கரண்ட் பெட்டிக்குப் போனேன்.

பெட்டியை ஒரு தடித்த மரத்தூணில் அடித்திருந்தார்கள். பிளக்கைச் செருகக் குனிந்தேன்.

தூணில் பேனாக் கோடுகள்.

நெருக்கமாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. எல்லாவற்றுக்கும் மேலே, கோணல் மாணலான குழந்தை எழுத்தில் ஒரு பெயர்.

பாப்பி.

கீழ்க்கோட்டுக்குப் போன வருஷம் மே மாதம். அடுத்து ஆகஸ்ட். பிறகு மழை பெய்து தள்ளிய நவம்பர். பிப்ரவரி.

"என்னப்பா அது?" ஜெம்மா ஓடி வந்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது அவளுக்கு. எங்கள் சமையலறைக் கதவிலும் அவளுக்கு இதே மாதிரி கோடுகள் உண்டு.

குதிகாலை ஒட்டிவைத்து, தூணில் முதுகைச் சாய்த்து விறைப்பாக நின்றாள்.

"நானும் நிக்கிறேன். அளந்து பாருப்பா."

கடைசிக் கோடு சரியாக அவள் உச்சந்தலையைத் தொட்டது.

"பாப்பி யாருப்பா?"

"முன்னாடி இங்க..." தங்கினவங்க என்றுதான் சொல்ல வந்தேன். "முன்னாடி இங்க குடியிருந்தவ."

"கரண்டு வந்துச்சா?" கேரவனுக்குள்ளிருந்து நரெல் கத்தினாள்.

பிளக் என் கையிலேயே இருந்தது.

கடைசிக் கோட்டின் பக்கத்தில் இன்றைய தேதி.