உதவாத சரக்கு

“இதெல்லாம் ஒரு சரக்கா? பல்லு இல்ல, முடியும் சரியா இல்ல. காலப் பாருங்க, ஈர்க்குச்சி.” கொழுந்துக் கூடைக்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள் பிரஷாந்தினி.

“புடிக்கலேன்னா போ புள்ள. வேற ஆளுக்குத் தள்ளிவிடுறேன்” என்றாள் பெரியாயி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளில் மாடும் ஆடும் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். கொட்டகைக்குப் பின்னால், குப்பைமேட்டின் ஓரமாகவே கூடையை இறக்கி வைத்திருந்தாள். உள்ளே சாக்குக்கு அடியில் எதுவோ நெளிந்தது.

பிரஷாந்தினியின் புருஷன் ரிஷி, ஓட்டோ சாவியைப் பல்லில் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

“மாப்ள, சிரிச்சா யாவாரம் செல்லாது. மொதல்லயே சொல்லிட்டேன்.”

“நான் எங்க அத்த சிரிச்சேன்? சாணி நாத்தம். மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.”

பிரஷாந்தினி அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள். அவளுக்கும் உதடு துடித்துக்கொண்டுதான் இருந்தது.

பெரியாயி அருகில் வந்து கிசுகிசுத்தாள். “கொரலு பத்தாது புள்ள. போன வருஷம் வந்து தூக்கிட்டுப் போனானே, அவனுக்குக் கேக்க வேணாமா?”

“அவனுக்கு நம்ம பேச்செல்லாம் புரியுமா அத்த?” என்றான் ரிஷி.

“கூப்பிடாமலே வந்தவனுக்குப் புரியாதா?”

பிரஷாந்தினியின் சிரிப்பு நின்றது. பனி இறங்கிக்கொண்டிருந்த மலையை நிமிர்ந்து பார்த்தாள். போன தடவை ஆசை ஆசையாக வைத்திருந்தாள். லயத்தையே கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அவன் கொண்டுபோய்விட்டான். இந்தத் தடவையும் பறிகொடுத்தால் அவளால் எழுந்து நிற்க முடியாது. உதவாத சரக்கு என்று நம்பி, அவன் அந்த மலையோடு திரும்பிவிட வேண்டும்.

“அவலட்சணம்” என்று கத்தினாள். “கறுப்பு. நோஞ்சான். மூக்கு வேற சப்ப. சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் தூக்க மாட்டான்.”

ரிஷி தன் மூக்கை மெல்லத் தடவிக்கொண்டான்.

“அப்புறம் எதுக்குடி வாங்க வந்த?” என்றாள் பெரியாயி.

“வீட்ல ஒரு மூலை காலியா கெடக்கு. போட்டு வைக்கலாம்னு. என்ன வெல சொல்றீங்க பெரியம்மா?”

“ஒரு சொளகு தவிடு.”

“சொளகா? இதுக்கு ஒரு கைப்பிடியே ஜாஸ்தி.”

“ரெண்டு கை குடு.”

“ஒரு கை. அதுவும் என் கை, உங்க கை இல்ல.”

பெரியாயி தன் அகலமான உள்ளங்கையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “சரி, தொலை. எடு தவிட்ட.”

ரிஷி பெருமையாகப் பையைப் பிரித்து நீட்டினான். பெரியாயி விரலை விட்டுக் கிளறினாள்.

“இது புண்ணாக்கு.”

“பதுளையில கடை கடையா ஏறி எறங்கிட்டேன் அத்த. தவிடு இல்லன்னுட்டாங்க. இது அதவிட ஒசத்தி, மாடு விரும்பித் தின்னும்.”

“ஒசத்தியக் குடுத்து வாங்குனா அவன் என்ன நெனப்பான்? பெறுமதியான சரக்குன்னுல்ல நெனப்பான்.”

“அப்ப உங்க மாட்டு வாளியில ஒரு கை அள்ளிக்கவா?”

“என் தவிட்டக் குடுத்து என்கிட்டயே வாங்குவீங்களா? எங்க புடிச்ச இந்த ஆள, பிரஷாந்தினி?”

அதற்குமேல் பிரஷாந்தினியால் தாங்க முடியவில்லை. காதை மூடிக் கட்டியிருந்த துவாயின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குப்பைமேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரிஷி ஓடினான். லயத்துக் கோடியில் கோழி வளர்க்கும் வடிவேலிடம் கெஞ்சி, தொப்பி நிறையத் தவிட்டோடு திரும்பி ஓடி வந்தான். ஈரப் படியில் சறுக்கி உட்கார்ந்தான். தொப்பியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் சரியாக ஒரு கை மிஞ்சியது.

பிரஷாந்தினி அதை அள்ளிக் கொடுத்தாள். பெரியாயி வாங்கி மாட்டின் முன்னால் கொட்டினாள்.

“வித்தாச்சு. இனிமே எனக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. பேரு என்ன வைக்கப் போற?”

“குப்பை.”

மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். வியாபாரம் முடிந்துவிட்டது, இனிச் சிரிக்கலாம். ரிஷி கண்ணைத் துடைத்தான், மறுபடி சிரித்தான், மறுபடி துடைத்தான். பிரஷாந்தினி கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் கொஞ்சிவிடுவாள்.

லயத்துப் படியில் மருத்துவமாது முஷ்ரிபா இறங்கி வந்தாள். தோளில் தொங்கு தராசு. போன வருஷமும் இதே தராசோடுதான் பிரஷாந்தினியின் வாசலுக்கு வந்தாள். அன்று நிறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் வராததுமா இந்தப் பனியில எங்க போனீங்க, பிரஷாந்தினி? உங்க பிள்ளைய நிறுக்கணுமே.”

கூடைக்குள் அது வீரிட்டு அழுதது.

பிரஷாந்தினி கூடையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மலையைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, அங்கே நிற்பவனுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்.

“எனக்கு ஏது மிஸ்ஸி புள்ள?”