பன்னிரண்டாவது செம்மறி

மத்தியான வெயில் கூடாரத்தின் உச்சித் திறப்பு வழியே இறங்கி, சாப்பாட்டு விரிப்பின் மேல் வட்டமாகக் கிடக்கிறது. அதற்குள் செம்மறி எலும்புகளும் காலியான தேநீர்க் கிண்ணங்களும் மின்னுகின்றன. சாப்பிட்டு முடித்தாயிற்று. ஆனால் இரு கையும் ஏந்தி ஆசி சொல்லி, அந்தக் கைகளால் முகத்தைத் தடவிக்கொள்ளாமல் எங்களில் யாரும் எழ மாட்டோம். குதிரை மேய்க்கும் எசென்குல்லின் இடது கை மடியிலேயே இருக்கிறது. கயிறு இழுத்துக் கிழித்த அந்த உள்ளங்கை மூன்று வருடமாக விரிந்ததில்லை. பிஷ்கெக் நகர ஆய்வகத்தில் ஆய்வாளர் நுர்ஜமால் உருவாக்கிய, தசைநாண் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மெல்லிய சவ்வை இந்த வசந்தத்தில்தான் அதற்குள் வைத்துத் தைத்தார்கள். இன்று அவரே பார்க்க வந்திருக்கிறார்.

“பதினோரு செம்மறிக்கு வச்சுப் பாத்துட்டுத்தான் இவருக்கு வச்சீங்களாமே அக்கா,” என்கிறாள் எசென்குல்லின் மனைவி சயரா. “அதுங்க ஒண்ணுகூட இவர் மாதிரி கத்தியிருக்காது.”

எசென்குல் சிரித்துக்கொண்டே இரு கையையும் உயர்த்துகிறார். இடது கையின் சுண்டுவிரல் நடுங்கிப் பிரிகிறது. மற்ற விரல்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர, இளஞ்சிவப்புத் தழும்பின் மேல் வெயில் படுகிறது. நுர்ஜமால் மூச்சைப் பிடித்தபடி விரல்கள் விரியும் கோணத்தைக் கண்ணாலேயே அளக்கிறார். ஏந்திய கைகளோடு நாங்கள் காத்திருக்கிறோம். வெளியே ஒரு குதிரை கனைக்கிறது.

“அக்கா,” என்கிறார் எசென்குல், தாழ்ந்த குரலில். “இந்த ஆசியே உங்களுக்குத்தான். உங்க கையைக் காணோமே.”

நுர்ஜமால் குனிந்து பார்க்கிறார். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இறுக மூடிக் கிடக்கின்றன.