விட்டுக்கொடுத்த ஆட்டம்

மூன்றாவது பந்தையும் சூப்பர்வைசர் வேண்டுமென்றே கோட்டைவிட்டார். வீடியோ கேம் திரையில் அவருடைய பொம்மை மட்டையை வீசிய வேகத்தில் பம்பரமாகச் சுழன்று, கால் இரண்டும் பின்னிக்கொண்டு, தொப்பென்று விழுந்தது.

"ஐயோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த முதலாளிக்குக் கேட்க வேண்டும், ஆனால் நடிப்பென்று தெரியக் கூடாது. அந்த அளவு அவருக்கு அத்துப்படி.

தோற்பது என்ன லேசுப்பட்ட காரியமா? அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து முதலாளியிடம் செஸ்ஸில் தோற்று, டேபிள் டென்னிஸில் தோற்று, மாடிப்படி ஏறுவதில்கூட மூச்சு வாங்கித் தோற்றவர் அவர். முதலாளியின் ஜோக் முடிவதற்கு முன்பே சிரித்து முடித்துவிடுவார்.

ஆனால் இன்றைய தோல்வி ரொம்ப முக்கியம். புதுக் கிளைக்கு மேனேஜர் யார் என்று முதலாளி நாளைக் காலை சொல்லப்போகிறார். களத்தில் இருப்பது இவரும் ஸ்டோர்கீப்பரும்தான். போன ஞாயிறு ஸ்டோர்கீப்பரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, இதே சோபாவில் உட்காரவைத்து இதே விளையாட்டை ஆடினாராம் முதலாளி.

"அந்த மனுஷன் ஒரு பந்தைக்கூட விடலையாம்," என்று காலையில் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருந்தார் சூப்பர்வைசர். "முதலாளியே வாசல் வரைக்கும் வந்து, அவரை வெளிய அனுப்பிட்டுத்தான் உள்ள போனாராம். தேவையா இது?"

"நீங்களாவது பாத்து, பதவிசா தோத்துட்டு வாங்க," என்று சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள் அவள்.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. இதுவோ கார்ட்டூன் பேஸ்பால். பொம்மைகளுக்குப் பூசணிக்காய்த் தலை, கத்திரிக்காய் உடம்பு. ஆரம்பிக்கும்போது முதலாளி பொறுமையாகத்தான் விளக்கினார்.

"ஆட்டத்துல பாத்தா ஆளு எப்படின்னு தெரிஞ்சிடும்யா. இதுல பல விதமா ஆடலாம். சீசன் பூரா ஆடலாம். தூக்கி அடிக்கிற போட்டி மட்டும் ஆடலாம். நேருக்கு நேர் மோதலாம். கம்ப்யூட்டரோட மோதலாம். இல்லேன்னா..."

"நீங்க எதை அமுக்குனாலும் பிரமாதமா இருக்கும் சார்," என்றார் சூப்பர்வைசர், திரையைப் பார்க்காமல் முதலாளியின் முகத்தைப் பார்த்து.

முதலாளி எதையோ அமுக்கினார். பிறகு சட்டைகளின் வரிசையைப் புரட்டி மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்.

"மஞ்சள் உங்களுக்கு எடுப்பா இருக்கு சார்."

இப்போது மட்டை கைமாறியது. முதலாளி, "ப்ச்" என்று நாக்கைத் தட்டிக்கொண்டார். சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். வெற்றி இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில் பெரிய மனுஷருக்கு ருசி இல்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் போராடித் தோற்க வேண்டும்.

முதலாளியின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "யாரு ஜெயிக்கிறா?"

"எங்க ஜெயிக்கிறது!" என்றார் முதலாளி.

என்ன அடக்கம்! டீயை உறிஞ்சியபடியே சூப்பர்வைசர் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டார். இந்தப் பணிவைப் பற்றிப் புதுக் கிளைத் திறப்பு விழாவில் தனியாக ஒரு பத்தி பேச வேண்டும்.

கடைசிச் சுற்று வந்தது. முதலாளி சோபாவின் விளிம்புக்கு நகர்ந்தார். கழுத்து நரம்பு புடைக்கப் பொத்தானை ஓங்கி அமுக்கினார். 'டங்' என்று சிவப்புச் சட்டைப் பொம்மையின் மட்டையில் பட்ட சத்தம். பந்து கூரை முட்ட எழும்பி, மிதந்து, நேராக சூப்பர்வைசரின் பொம்மையைத் தேடிக்கொண்டு இறங்கியது.

மஞ்சள் சட்டையும் விரித்த கையுறையுமாக அந்தப் பொம்மை அண்ணாந்து நின்றது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், குழந்தைகூடப் பிடித்துவிடும்.

"பிடி!" என்றார் முதலாளி.

சூப்பர்வைசர் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார். சோதிக்கிறார். இதில் மாட்டினால் ஸ்டோர்கீப்பர் கதிதான், வாசல் வரை வழியனுப்பு.

"பிடிய்யா! பிடி, பிடி!"

சூப்பர்வைசர் கட்டைவிரலை மெதுவாக, மரியாதையோடு, பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார்.

பந்து பொம்மையின் மண்டையில் 'ணங்' என்று இறங்கியது. பூசணித் தலைக்கு மேல் இன்னொரு குட்டிப் பூசணியாக வீக்கம் முளைத்தது. அதைச் சுற்றி நட்சத்திரங்கள் பறந்தன. சிவப்புச் சட்டைகள் ஓட்டமாக ஓடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கொண்டாடின. எக்காளம் முழங்கியது, வாணவேடிக்கை வெடித்தது.

சூப்பர்வைசர் துள்ளி எழுந்து கைதட்டினார். கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துவிட்டார்.

"அபாரம் சார்! உங்களை ஜெயிக்க இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும் சார்!"

முதலாளி கைதட்டலை வாங்கிக்கொள்ளவில்லை. கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார். திரையில் மஞ்சள் சட்டைப் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்து குழாய் திறந்தாற்போல் அழுதுகொண்டிருந்தன. அவற்றை ஒரு தரம் பார்த்தார். சூப்பர்வைசரை ஒரு தரம் பார்த்தார்.

"யோவ், நாம ரெண்டு பேரும் ஒரே டீம்யா!"