கடலில் விழாத ரீல்

மூன்றாவது திருகு அசையவில்லை.

ஸ்க்ரூ டிரைவரைத் திருகில் செங்குத்தாக வைத்து, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டாள். வழுக்கியது. உள்ளங்கை கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அழுத்தினாள்.

அப்பாவின் தூண்டில் ரீல்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. ஞாயிறு பூசை முடிந்தால் அதை எடுத்துக்கொண்டு அலைத்தடுப்புக் கல்லுக்குப் போய்விடுவார்.

ஐந்து வருடத்துக்கு முன்பு தம்பி பெர்க்மான்ஸ் அதை இரவல் கேட்டு வாங்கிப் போனான். வெறுங்கையோடு வந்தான்.

"பெரிய மீனுப்பா. கம்போட இழுத்துட்டுப் போயிட்டு."

அடுத்த மாதம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். எட்டு மாதம் படுக்கை. பார்த்துக்கொண்டது இவள்.

அடக்கத்தன்று தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினான். "அந்த ரீலையாவது கூட வச்சி அனுப்ப முடியலியே!"

தெருவே அவனைத் தேற்றியது. இவளும்தான்.

போன சனிக்கிழமை, வெள்ளையடிப்பதற்காக அவன் வீட்டுப் பரணை ஒழித்துக் கொடுத்தாள். சிமெண்டுச் சாக்குக்குள் கை விட்டபோது தட்டுப்பட்டது.

அவன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரீலோடு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான்கு நாள் மண்ணெண்ணெயில் ஊறியது. இப்போது திருகு கிறீச்சிட்டது. சுற்றியது.

மூடியைக் கழற்றினாள். உள்ளே பல்சக்கரமெல்லாம் உப்பு. வெள்ளை வெள்ளையாக, கட்டி கட்டியாக.

ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தால் போதும்.

ஒரு செம்பு.

கதவருகே செருப்புச் சத்தம். பெர்க்மான்ஸ்.

"எக்கா, கழுவாம போட்டுட்டேன். இறுகிப் போச்சு. அப்பா ஏசுவாவன்னு பயந்து பொய் சொல்லிட்டேன். அவிய படுத்த பெறவு எப்படி மாத்திச் சொல்ல?"

அவள் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசிரு எக்கா. அடிக்கவாவது செய்."

நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள், ஒவ்வொரு வார்த்தையாக. வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"தினம் காலையில அப்பா கேட்டாவ. ரீலு கெடச்சிட்டான்னு. ஒரு நாள் பீத்துணி அலசிட்டு வந்து நிக்கேன், அப்பமும் அதான். 'கெடச்சா மட்டும், இந்தக் கைய வச்சி என்னத்தப் பிடிக்கப் போறிய'ன்னுட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதுக்குப் பெறவு அவிய கேக்கவே இல்ல லே."

அவன் தரையில் உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த சக்கரத்தையும் பிரஷையும் வாங்கிக்கொண்டான். பூவைத் தொடுவதுபோல் மெல்லத் தேய்த்தான்.

"அழுத்தித் தேயிலே!" என்று கத்தினாள்.

பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.