குளிப்பாட்டும் கால்கள்

"நயாகரா பாக்கப் போறேன்னு மட்டும் சொல்லுங்க அத்தை" என்று மருமகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அமெரிக்க விசா அதிகாரியின் முன்னே செங்கமலம் உண்மையையே உரைத்தாள்: "எம் மவளுக்குப் பிரசவம். புள்ளையக் குளிப்பாட்டப் போறேன்."

"அது வேலைம்மா. டூரிஸ்ட் விசால வேலை பாக்கக் கூடாது" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"வேலையா? அவளக் குளிப்பாட்டுனதுக்கு எனக்கு யாருய்யா கூலி குடுத்தா?"

பெற்றவளின் கைக்கும் சட்டம் வகுத்த அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு எதிரே, அவள் தரையில் அமர்ந்தாள். சேலையை முழங்கால்வரை ஏற்றி, பிள்ளையைக் கிடத்துவதுபோல் இரு கால்களையும் சேர்த்து நீட்டினாள்.

"இதுலதான் போட்டு ஊத்துவேன். இதுல எது குத்தம்னு அந்த அதிகாரியச் சொல்லச் சொல்லு."

"அடுத்தவர்" என்றது ஒலிபெருக்கி. மீண்டும் அழைத்தது. ஒரு தாய் நீட்டிய காலைத் தாண்டிப்போக, அந்த நெடிய வரிசையில் ஒருவரும் இசையவில்லை.