தொடர் ஆராய்ச்சி

தென்காசியில் தறி போட்டிருந்த பீர் மைதீன் வீட்டுக்கு நல்லக்கண்ணு வருடந்தோறும் வருவார். யார் படிக்கிறார்கள், யாருக்கு என்ன வேலை, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டு எழுதிக்கொள்வார். அதே குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஒரு பட்டணத்து ஆராய்ச்சி அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டிலும் வந்தார்.

"மக சைதூன் படிப்ப நிப்பாட்டியாச்சு சார்வாள். நூலு கிடைக்கல, தறி ஓடல. நிக்காஹ் பேசிட்டோம்" என்றார் பீர் மைதீன்.

நல்லக்கண்ணுவுக்கு அதே ஆராய்ச்சிக்காக முன்பு எழுதிய ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. கடையத்தில் வள்ளித்தாய் என்றொரு பெண். அவளுக்கு முதலில் 'படிப்பு நின்றது' என்று எழுதினார். மறுவருடம் 'திருமணம்'. அதற்கடுத்து 'பிரசவத்தில் மரணம்'. எழுதியதைத் தவிர அவர் வேறெதுவும் செய்யவில்லை.

"பாய், எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க ஒரு வருசந்தான் கெடக்கு. இப்ப நிப்பாட்டினா இத்தன வருச ஆராய்ச்சியும் பாழாப் போயிரும். மேல உள்ளவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டார். பீர் மைதீன் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தார்.

"என்ன சார்வாள் இது! ஒங்க வேலைக்கு மோசம் வரும்னா, மாப்ள வீட்ல ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுதேன். அடுத்த வருசமும் வருவியள்லா?"

"வருதேன் பாய்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்லக்கண்ணு பஸ் ஏறினார். எலுமிச்சை மூட்டை தூக்க, சாயங்காலத்துக்குள் புளியங்குடி கமிஷன் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆராய்ச்சியை மூடி, அவரை வேலையை விட்டு அனுப்பி மூன்று வருடமாகிறது.